இல்லாதவர் பேருக்குப் பதில்

என் மருமகன் என் கையை ஒடித்ததை அந்த அகதி முகாமில் எல்லாரும் சொல்வார்கள். நான் அவர் தோளை இறக்கியதை ஒருத்தரும் சொல்ல மாட்டார்கள். கிழவியிடம் அடி வாங்கினார் என்றால் ஆம்பளைக்கு மரியாதைக் குறைவாம். எனக்கு அதில் மறைக்க ஒன்றும் இல்லை. அதனால் நானே எழுதுகிறேன். மூன்றாவது வரைக்கும் பள்ளிக்கூடம் போனவள். எழுத்தைக் கூட்டிக் கூட்டித்தான் எனக்கு வரும். படிக்கிறவர்களும் அவசரப்படக் கூடாது.

வேப்பனப்பள்ளிக்கு அந்தப் பக்கம், ஆந்திரா எல்லையை ஒட்டி எங்கள் ஊர். அடுத்தவர் மாந்தோப்பில் கூலி செய்த குடும்பம். வீட்டுக்காரர் போன பிறகு குருபரப்பள்ளி ரோட்டோரம் ஒரு கிரானைட் பட்டறையில் கல்லுக்குப் பாலிஷ் போட்டேன். நாளெல்லாம் தண்ணீரில் நின்று செய்கிற வேலை. முட்டி போனது, வைராக்கியம் போகவில்லை. யார் வாசலிலும் போய் நிற்காமல் ஒரே மகளை வளர்த்தேன். அவள் ஓசூரில் காருக்கு ஒயர் கட்டும் கம்பெனியில் சேர்ந்தாள். அந்தக் கம்பெனிக் கூரைக்குப் பெயின்ட் அடிக்க வந்தவர்தான் மாப்பிள்ளை. கயிற்றில் தொங்கிக்கொண்டே கீழே பார்த்துச் சிரித்தாராம். அவ்வளவுதான் கதை.

இலங்கைக்காரர். அணைக்குப் பக்கத்து முகாமில் தாயும் மகனுமாக இருந்தார்கள். கல்யாணத்துக்கு அப்புறம் எங்கள் ஊர்க்காரி ஒருத்தி குழாயடியில் கேட்டாள்.

"ஏம்மே, ஊர்ல மாப்பிள்ளையே கெடைக்கலையா? போயும் போயும் அகதிக்குக் குடுத்திருக்க?"

"நீ உள்ளூர்க்காரனுக்குத்தான குடுத்த? உம் பொண்ணு இப்ப எங்க கெடக்கறா? உன் வூட்லதான?"

அதோடு அவள் குடத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். நான் சொன்னது பொய்யில்லை. மாப்பிள்ளை அவ்வளவு நல்ல மனுசன். குடி கிடையாது. பேத்தி பிறந்தபோது அவளைக் குளிப்பாட்டியதே அவர்தான். முட்டி முடியாமல் போனதும் என்னையும் முகாமுக்கே கூட்டிக்கொண்டு போனார். "மாமி, உங்களுக்கு ஒரு மூலை இல்லாத வீடு எனக்கு என்னத்துக்கு?" என்றார்.

அவர் பட்டதை அவர் வாயால் நான் கேட்டதில்லை. சம்பந்தியம்மாதான் வெங்காயம் உரிக்கும்போது சொல்வார். மாப்பிள்ளை சின்னப் பிள்ளையாக இருக்கும்போது அப்பாவை வீட்டு வாசலிலேயே சுட்டார்கள். பிள்ளை பார்த்துக்கொண்டு நின்றது. அண்ணனை ஒருநாள் விசாரணைக்கு என்று கூட்டிக்கொண்டு போனார்கள், திரும்பி அனுப்பவில்லை. மிச்சம் இருந்த ஒன்றை மடியில் போட்டுக்கொண்டு அந்த அம்மா படகேறினார். இதையெல்லாம் அவர் அழாமல் சொல்வார். உரிக்கிறது வெங்காயம் என்பதால் கண்ணில் தண்ணீர் வந்தாலும் எனக்கு வித்தியாசம் தெரியாது.

முகாமில் மாதாமாதம் செக்கிங் உண்டு. அதிகாரிகள் வந்து வரிசையில் நிற்க வைத்துப் பேர் கூப்பிடுவார்கள். கூப்பிட்ட ஆள் நேரில் நின்று 'இருக்கிறேன்' என்று சொல்ல வேண்டும். ஆள் இல்லாவிட்டால் பேரை அடித்துவிடுவார்கள். நான் இந்த நாட்டுக்காரி, என் பேர் அதில் கிடையாது. அன்றைக்கு நான் தண்ணீர்த் தொட்டிப் பக்கம் போய் உட்கார்ந்துகொள்வேன். மாப்பிள்ளை சின்ன வயதிலிருந்து அந்த வரிசையில் நின்று வளர்ந்தவர்.

இலங்கையில் சண்டை முடிந்து பல வருசம் கழித்து, சம்பந்தியம்மா திரும்பிப் போகிறேன் என்று எழுதிக் கொடுத்துவிட்டார். நான் தடுத்துப் பார்த்தேன்.

"இந்த வயசுல அங்க போயி என்னா பண்ணப் போறீங்க?"

"சாகப் போறன். இஞ்ச செத்தா என்ர ஆவி ஆரின்ர வீட்டுக்குப் போறது?"

"எங்க வூட்டுக்கு வரட்டும்."

"உங்கட வீட்டுல மீன்குழம்பு வாயில வைக்கேலாது."

இரண்டு பேரும் சிரித்தோம். விமானம் ஏறிப் போய்த் தங்கச்சி வீட்டில் இருந்தார். போனில் நல்லபடியாகத்தான் பேசினார். அப்புறம் படுத்துவிட்டார்.

"அம்மாவுக்கு ஏலாதாம். நான் போகோணும்" என்று மாப்பிள்ளை சட்டையை மாட்டிக்கொண்டு நின்றார். போகிறவர்கள் திரும்பி வர முடியாது என்பது முகாமில் எல்லாருக்கும் தெரியும். என் மகள் அவர் காலைக் கட்டிக்கொண்டாள். "போனா திரும்பி உட மாட்டாங்க. நானும் புள்ளையும் என்னா பண்றது, சொல்லிட்டுப் போங்க." அவர் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார். எங்கள் வீடு கெட்டது அந்தச் சட்டையைக் கழற்றின நேரம்தான்.

அம்மா இறந்த அன்றைக்கு அவர் ஒரு அடுக்குமாடிக் கட்டடத்தின் வெளிச்சுவரில் பெயின்ட் அடிக்கக் கயிற்றில் தொங்கிக்கொண்டிருந்தார். இறங்கி வந்து மணல் குவியலில் உட்கார்ந்து போன் வீடியோவில் எல்லாவற்றையும் பார்த்தாராம். சித்தி மகன் கொள்ளி வைத்தான். கூட வேலை செய்தவர்கள் சொன்னார்கள், தீ பிடித்ததும் இவர் எழுந்து செருப்பைக் கழற்றிவிட்டு நின்றாராம், போனுக்கு முன்னால்.

சாயந்திரம் வீட்டுக்கு வந்தார். நான் அரிசி களைந்துகொண்டிருந்தேன். போனை வாசல் கல்லில் வைத்துச் சுத்தியால் அடித்தார். பொடியான பிறகும் அடித்தார். கல்லில் பொறி பறந்தது. "இனி ஒருத்தரும் கூப்பிட மாட்டினம்" என்றார். கோபம் வந்தால் அவர் பேச்சு முழுசாக அந்த நாட்டுப் பேச்சாகிவிடும். என் மகள் சுத்தியைப் பிடிக்கப் போனாள். அறைந்தார். அவள் அடுப்போடு போய் விழுந்தாள். அவளை நான்கூட அடித்து வளர்த்ததில்லை.

அதற்கு அப்புறம்தான் வீட்டுக்குள்ளே செக்கிங் ஆரம்பித்தது. விளக்குப் போடும் நேரத்தில் என் மகள், பேத்தி, நான் மூன்று பேரையும் சுவரோரம் நிற்க வைப்பார். அதிகாரி மாதிரி முன்னால் நின்றுகொண்டு பேர் கூப்பிடுவார். எங்கள் பேரை இல்லை. முதலில் அப்பா பேர். அப்புறம் அண்ணன் பேர். கடைசியில் அம்மா பேர். யார் பதில் சொல்வது? பதில் வராத பேருக்கு ஒரு அறை என் மகள் கன்னத்தில் விழும். "ஆளில்லையோ? எங்க போயிட்டினம்? நீதானே போக விடாமப் பிடிச்சனி" என்று இன்னொன்று விழும். ஒருநாள் கை பேத்தி பக்கம் திரும்பியது. என் மகள் தன் முகத்தை நடுவில் கொண்டுபோய் வைத்தாள். பல் ஒன்று உதட்டைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்துவிட்டது. அடுத்த நாள் கம்பெனியில் பஸ் படியில் விழுந்தேன் என்றாளாம்.

"வாடி, நம்ம ஊருக்குப் போயிரலாம்" என்றேன்.

"நானும் போயிட்டா அந்த மனுசனுக்கு யாரும்மா இருக்கறாங்க?"

"அதுக்கோசரம் அடி வாங்கிச் சாவியா?"

அவள் போய் வாயைக் கொப்பளித்தாள்.

பக்கத்து வீட்டார் பேய் பிடித்திருக்கிறது என்றார்கள். சரி என்று எங்கள் ஊர்ப் பக்கத்து முனீஸ்வரன் கோயிலுக்குக் கூட்டிக்கொண்டு போனேன். பூசாரி தெலுங்கில் பேயின் பேரைக் கேட்டு, வேப்பிலையால் அடித்து, பேய் வாயைத் திறக்கவில்லை என்று சாட்டையை எடுத்தான். இரண்டு அடியை மாப்பிள்ளை பேசாமல் வாங்கிக்கொண்டார். மூன்றாவதில் சாட்டையைப் பிடித்து இழுத்து, பூசாரியைச் சூலத்தைச் சுற்றிச் சுற்றி ஓடவிட்டு அடித்தார். ஜனங்கள் சாமி வந்திருக்கிறது என்று நினைத்துக் கும்பிட்டார்கள். பூசாரி மாந்தோப்பு வழியாக ஓடிப்போனான். திரும்பி வரும்போது பஸ்ஸில் மாப்பிள்ளை என் தோளில் சாய்ந்து தூங்கினார். சாட்டை பட்ட இடம் என் சேலையில் ரத்தமாக ஒட்டியது.

அப்போதுதான் எனக்கு ஒரு யோசனை வந்தது. கிரானைட் பட்டறையில் காலையில் மேஸ்திரி பேர் கூப்பிடுவார். எவளாவது வந்து சேரவில்லை என்றால் பக்கத்தில் நிற்கிறவள் குரலை மாற்றி 'இருக்கறேன் மேஸ்திரி' என்பாள். அவள் சம்பளம் தப்பும். யாருக்கும் நட்டமில்லை. அதையே இங்கே செய்தால் என்ன?

மறுநாள் சாயந்திரம் அப்பா பேருக்கு ஒரு அறை விழுந்தது. அண்ணன் பேருக்கு இன்னொன்று. அம்மா பேரைக் கூப்பிட்டதும் நான் சொன்னேன். "இருக்கறேன்."

ஓங்கின கை அப்படியே நின்றது. என்னையே பார்த்தார். "சரி, போய்ச் சாப்பிடுங்கோ" என்று சொல்லிவிட்டு வெளியே போய் உட்கார்ந்துகொண்டார்.

அதற்கு அப்புறம் மூன்று பேருக்கும் நானே பதில் சொன்னேன். அப்பாவுக்குக் குரலைத் தடிக்க வைத்துச் சொல்வேன். பேத்திக்குச் சிரிப்பு வரும், சேலையைக் கடித்துக்கொள்வாள். அடி நின்றது. என் மகள் கன்னத்து வீக்கம் வடிந்தது. முகாமில் என்னை ஏதோ வைத்தியக்காரி மாதிரி பார்த்தார்கள். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது, இல்லை என்று எதற்குச் சொல்ல வேண்டும்?

ஆனால் அவர் பேர் கூப்பிட்டதோடு நிற்கவில்லை. என்னை 'மாமி' என்பதை விட்டுவிட்டு 'அம்மா' என்றார். மீன் வாங்கி வந்து, "நீ சமையணை" என்றார், பெற்ற தாயிடம் சொல்கிற மாதிரி. இலங்கை வீட்டுக் கிணறு தூர்ந்துவிட்டதா, முற்றத்து முருங்கை நிற்கிறதா என்று கேட்டார். நான் பார்த்திருந்தால்தானே சொல்ல? 'நிக்குது, நிக்குது' என்று ஓட்டினேன்.

ஒரு சாயந்திரம் பேர் கூப்பிட்டு முடித்ததும் என் முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். வேலைக்குக் கொண்டுபோகிற பெயின்ட் ரோலர் கம்பு மடியில் இருந்தது.

"அம்மா, உனக்குக் கொள்ளி வைச்சது ஆர்?"

எங்கள் பக்கத்தில் துக்கம் கேட்கப் போனால் மனசு ஆறுகிற மாதிரி ஏதாவது சொல்லிவிட்டு வருவோம். அந்த வழக்கத்தில் எனக்கு வாயில் வந்துவிட்டது.

"நீதான் சாமி வெச்ச."

அவர் முகம் மாறியதை நான் பார்க்கவில்லை, கம்பைத்தான் பார்த்தேன். தலையில் விழ வேண்டியதைக் கையால் மறித்தேன். காய்ந்த குச்சி முறிகிற சத்தம் என் மணிக்கட்டிலிருந்து வந்தது. "பொய். நான் வைக்கேல்ல. நான் வைக்கேல்ல. நீயும் பொய் சொல்லுறியோ?" மறுபடி ஓங்கினார். என் மகள் நடுவில் பாய்ந்தாள். அடி அவள் முதுகில் விழுந்தது. அவளைக் கீழே தள்ளி, தொண்டையில் கம்பை வைத்து இரண்டு கையாலும் அழுத்தினார். பேத்தி கத்திக்கொண்டு வெளியே ஓடினாள். என் மகளின் குதிகால் தரையில் அடித்துக்கொண்டது. அந்தச் சத்தம் குறையக் குறைய எனக்குக் கை வலி மறந்துபோனது.

மூலையில் உடைக்காத பிரைமர் டப்பா ஒன்று இருந்தது. பெயின்டுக்கு முன்னால் அடிக்கிற வெள்ளை பிரைமர். இடக்கையால் தூக்கினேன். கல்லுப் புரட்டின கை அது. அவர் தலைக்குக் குறி வைத்தேன், தோளில் இறங்கியது. மூடி தெறித்து வெள்ளை வெள்ளையாகக் கொட்டியது. மறுபடி தூக்கினேன். அது முதுகில். அவர் சரிந்தார். என் மகள் இருமினாள். இருமல் சத்தம் கேட்டதும்தான் டப்பாவைக் கீழே வைத்தேன்.

பக்கத்து வீட்டு ஆம்பளைகள் ஓடி வந்து, அவர் கட்டடத்தில் தொங்குகிற நைலான் கயிற்றாலேயே அவரைக் கட்டினார்கள். உடம்பெல்லாம் வெள்ளை, அதில் சிவப்பு. எல்லாரையும் ஒரே ஆட்டோவில் ஏற்றினார்கள்.

பெரிய ஆஸ்பத்திரியில் என் கைக்கு மாவுக்கட்டு, அவர் தோளுக்குக் கட்டு, மகள் கழுத்து வலிக்கு ஊசி. மனநல டாக்டரம்மா ஒருத்தர் வந்து என்னிடம்தான் அதிக நேரம் பேசினார்.

"செத்தவங்களுக்குப் பதில் சொல்லச் சொல்லி யாரும்மா உங்களுக்குச் சொன்னது?"

"யாரும் சொல்லல. பட்டறையில அப்படித்தான் பண்ணுவோம்."

"அவருக்குச் சின்ன வயசுல நடந்ததும் இப்ப நடந்ததும் ஒண்ணாக் கலந்துடுச்சு. இது வியாதி, பேய் இல்ல. இருக்காங்கன்னு நீங்க சொன்னா, அவர் எப்பம்மா அழுது முடிப்பாரு?"

எனக்குச் சுருக்கென்றது. விடவில்லை. "வியாதின்னா என் பொண்ண மட்டும் எப்படி டாக்டரம்மா தேடித் தேடி அடிக்குது? கட்டடத்து மேஸ்திரிய அடிக்கலையே."

"வியாதியும் இருக்கு, கோவமும் இருக்கு. மாத்திரை வியாதிக்கு. அதுக்காக உங்க பொண்ணு அங்க நின்னு அடி வாங்கணும்னு இல்ல." அப்புறம் என் மகள் பக்கம் திரும்பி, "போலீசுக்குச் சொல்லணுமா?" என்று கேட்டார். என் மகள் தலையை ஆட்டினாள். வேண்டாம் என்றா, தெரியவில்லை என்றா, எனக்கு இன்றைக்கும் புரியவில்லை.

மாப்பிள்ளையைக் கொஞ்ச நாள் உள்ளேயே வைத்திருந்து அனுப்பினார்கள். மாத்திரையில் முகம் உப்பியிருந்தது. பேச்சு குறைந்திருந்தது. வந்த அன்றைக்கே விளக்குப் போடும் நேரத்தில் எழுந்து நின்றார். சுவரைப் பார்த்து அம்மா பேரைக் கூப்பிட்டார். பேத்தியை வெளியே அனுப்பினேன். மகளை எனக்குப் பின்னால் நிற்க வைத்தேன்.

"இல்ல" என்றேன். "செத்துட்டாங்க. அங்கயே செத்தாங்க. கொள்ளி வெச்சது உங்க சித்தி மவன். நீங்க வெக்கல, மாப்பிள்ளை."

கட்டுப் போடாத கையை ஓங்கிக்கொண்டு வந்தார். நான் இடக்கையால் அவர் கன்னத்தில் விட்டேன். விரல் பதிகிற மாதிரி. "அண்ணனும் இல்ல. அப்பாவும் இல்ல. கூப்பிடறதுன்னா எங்க பேரைக் கூப்பிடுங்க, நாங்க இருக்கறோம்."

அவர் தலையைக் கொண்டுபோய்ச் சுவரில் மோதினார். மோதிக்கொண்டே இருந்தார். சுண்ணாம்பு உதிர்ந்தது. நான் மாவுக்கட்டுக் கையைச் சுவருக்கும் தலைக்கும் நடுவில் கொடுத்தேன். அதில் மோதினார். எனக்கு உயிர் போனது, கையை எடுக்கவில்லை. அப்புறம் தரையில் உட்கார்ந்து அழுதார். சின்னப் பிள்ளை ஏங்குகிற மாதிரி, மூச்சு வாங்கி வாங்கி.

அழுகை ஓய்ந்ததும் என் மகள் முன்னால் வந்தாள். இதை அவள் எப்போது யோசித்து வைத்தாளோ தெரியாது.

"நீங்க ஊருக்குப் போங்க."

அவர் நிமிர்ந்து பார்த்தார்.

"நான் புடிச்சு வெச்சேன்னுதான அடிக்கறீங்க? உட்டுட்டேன். போங்க."

"நீங்கள் ரெண்டு பேரும்?"

"நான் வரல. புள்ளையையும் அனுப்ப மாட்டேன்."

அந்த இடத்தில் நான் வாயைத் திறக்கவில்லை. அது என் பேச்சு இல்லை.

ஆபீஸ் ஆபீஸாக அலைந்து, சென்னையிலிருந்து விமானம் ஏறினார். கிளம்புகிற அன்றைக்குப் பேத்தி அறையை விட்டு வெளியே வரவில்லை. என் காலைத் தொட்டுக் கும்பிட்டார். "நல்லா இருங்க மாப்பிள்ளை" என்றேன். மன்னிப்பு அவரும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை.

முகாம் வீடு அவர் பேரில் இருந்தது. நாங்கள் ஓசூரை ஒட்டி ஜூஜுவாடிப் பக்கம் ஒற்றை அறை வாடகைக்கு எடுத்தோம். லாரி போகும்போதெல்லாம் பாத்திரம் ஆடும். வீட்டுக்காரம்மா கன்னடத்தில் திட்டுவார், நான் தெலுங்கில் திருப்பித் தருவேன். என் மணிக்கட்டு கோணலாகத்தான் கூடியது.

ஊருக்குப் போனால் சரியாகிவிடும் என்று எல்லாரும் சொன்னார்கள். நானும் நினைத்தேன். போன மாதம் அவருடைய சித்தி கூப்பிட்டார். மகள் மத்தியான ஷிப்ட்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். போனைச் சத்தமாக வைத்தாள்.

"பிள்ளை இஞ்சயும் ஒழுங்கா இல்லை. காணியில பற்றைக் காடுதான் கிடக்கு, வீடு இருந்த இடமே தெரியேல்ல. ஒரு கிழமையா மாத்திரை போடேல்ல. நேற்று என்ர பேரப்பிள்ளையளை வரிசையில விட்டு அடிச்சுப் போட்டான். இப்ப உங்கட மகளின்ர பேரைத்தான் கூப்பிடுறான். நாங்கள் பதில் சொல்லிப் பாத்தனாங்கள்..."

"சொல்லாதீங்கம்மா" என்றேன். "ஒரு பேருக்கும் பதில் சொல்லாதீங்க. இல்லாதவங்கள இல்லேன்னு சொல்லுங்க. புள்ளைங்கள அவர்கிட்ட தனியா உடாதீங்க. கம்பு, மண்வெட்டி எல்லாத்தையும் எடுத்து மறைங்க. அங்க பக்கத்துல ஆஸ்பத்திரி எங்க இருக்குது, அதச் சொல்லுங்க."

"அவன் வாறன் எண்டு சொல்லுறான். படகு கேட்டுத் திரியிறான். அனுப்பட்டே?"

மகள் போனை வாங்கினாள். "அவர்கிட்ட குடுங்க" என்றாள். அந்தப் பக்கம் மூச்சுச் சத்தம் கேட்டது.

"வரட்டே?" என்று கேட்டார். அவ்வளவு மெதுவாக அவர் பேசி நான் கேட்டதில்லை.

அவள் கம்பெனிச் சட்டைப் பொத்தானைப் போட்டபடி நின்றாள். வரட்டும் என்று சொல்லிவிடுவாளோ என்று பயந்தேன். சொன்னால் தடுக்க என் கையில் அன்றைய பலம் இல்லை.

"வேணாம்" என்றாள். "நீங்க இங்க வந்தா நான் உசுரோட இருக்க மாட்டேன். அங்க மாத்திரை போட்டுக்கினு இருந்தா ரெண்டு பேரும் இருப்போம். கடல்ல எறங்காதீங்க. புள்ள பரிட்சை எழுதறா. நல்லா எழுதறா."

கம்பெனி பஸ் முனையில் வந்து ஹாரன் அடித்தது. அவள் போனை என் கையில் கொடுத்துவிட்டு, சட்டைக் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு ஓடினாள்.

போன் கட் ஆகவில்லை. மூச்சு வந்துகொண்டே இருந்தது.

"சாப்டீங்களா மாப்பிள்ளை?"

"இன்னும் இல்லை, மாமி" என்றார்.

"சித்திகிட்ட சோறு போடச் சொல்லுங்க. சாப்பிட்டுட்டு மாத்திரையைப் போடுங்க. நான் போனை வெக்கல."

தட்டு வைக்கிற சத்தம் கேட்டது. நான் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, போனைக் காதோடு வைத்துக்கொண்டேன். வெளியே லாரி போனது, பாத்திரம் ஆடியது. அவர் மென்று விழுங்குவது கேட்டது. தண்ணீர் குடிப்பதும் கேட்டது.

"போட்டாச்சு" என்றார்.

"வாயைத் திறந்து சித்திகிட்ட காட்டுங்க" என்றேன்.